மூன்று மாத்திரையும் ஒரு மாமன் மடியும்

அடுத்தவர் வியாதியைப் பார்த்துச் சிரித்தவன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் நடந்ததைக் கேட்டு "இவனுக்கு நல்லா வேணும்" என்று நீங்கள் சொல்லும்போது நமக்குள் மனஸ்தாபம் வராது.

அதிகமாகச் சிரித்தது என் அக்கா கணவரைப் பார்த்துத்தான். அத்தானுக்குத் தூசி ஆகாது, கத்திரிக்காய் ஆகாது, கருவாட்டு வாசனை ஆகாது. பெட்டியில் துணி இருக்கிறதோ இல்லையோ, மாத்திரை டப்பா ஒன்று இருக்கும். கல்யாணமான புதிதில் எங்கள் ஊருக்கு வந்தவரை, ஊர் சுற்றிக் காட்டுகிறேன் பேர்வழி என்று நெல் தூற்றுகிற களத்துக்கே கூட்டிக்கொண்டு போனேன். மனுஷர் பதினேழு தும்மல் தும்மினார். நான் எண்ணினேன். எண்ணியதோடு நிற்காமல் டீக்கடை வரை போய்ச் சொன்னேன். "சோறு மட்டும் ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிடுறாரு, நெல்லு ஆகாதாம்!" (அவர் காதுபடத்தான். அந்த வயதில் என் வாய்க்கும் மூளைக்கும் போக்குவரத்தே கிடையாது.)

என் உடம்பைப் பற்றி எனக்கு அவ்வளவு கர்வம். எங்கள் ஊர்க் கால்வாயான புது ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்ட முதல் நாளே குதித்து, அது அடித்துக்கொண்டு வருகிற சகல குப்பையோடும் சேர்ந்து குளித்து வளர்ந்த உடம்பு. தொழிலும் அப்படித்தான். பட்டுக்கோட்டையில் பம்ப்செட் மோட்டார் பழுதுபார்க்கிற கடை வைத்திருக்கிறேன். மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே பேரிங் போனதா, காயில் கருகியதா என்று சொல்லிவிடுவேன். "காரணம் இல்லாம எதுவும் நிக்காது, காரணம் இல்லாம எதுவும் ஓடாது" என்பது நான் வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாக வழங்கிவந்த தத்துவம். அதற்குத்தான் ஆறு வருடங்களுக்கு முன், ஒரு வைகாசி மாதம், என் முப்பத்தொன்றாவது வயதில் ஆப்பு வைக்கப்பட்டது.

அந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் ஆதிரைக்குக் காதுகுத்து. மூன்று வயது. பிறந்து வளர்ந்தது எல்லாம் மஸ்கட். என்னை அவளுக்கு போனில்தான் தெரியும். எங்கள் பக்கம் காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். பந்தல் போடுவது அப்பன் வீடாக இருக்கலாம், விருந்து போடுவது யாராகவும் இருக்கலாம், மடி மாமனுடையது. அந்த ஒரு மடிக்காக நான் ஆறு மாதம் உழைத்திருந்தேன். தினமும் வீடியோவில் கூப்பிட்டு ஒரு விளையாட்டு. நான் கண்ணை மூடிக்கொண்டு கொர்ர் கொர்ர் என்று குறட்டை விடுவேன். அவள் "மாமா, எந்திரி!" என்று கத்துவாள். நான் பதறி எழுந்து விழிப்பேன். அவ்வளவுதான் விளையாட்டு. ஒரு நாளைக்கு இருபது தடவை ஆடினாலும் அவளுக்குச் சலிக்காது. நாளாக ஆக எனக்கும் சலிக்கவில்லை என்பதை வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

காதுகுத்துக்கு முந்தின புதன்கிழமை மதியம் கடையில் மோட்டார் காயிலுக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். மோட்டாரோடு வந்திருந்த தென்னந்தோப்புக்காரர் என் கழுத்தையே பார்த்தார்.

"தம்பி, கழுத்துல என்னமோ ஏறுது."

"எறும்பாண்ணே? தட்டிவிடுங்க."

"எறும்பு இல்ல தம்பி. தோலே ஏறுது."

கண்ணாடியில் பார்த்தேன். கழுத்தில் வட்ட வட்டமாகத் தடிப்பு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு வட்டம் சேர்ந்து ஒன்றானது. அரிப்பு இடுப்பில் தொடங்கி முதுகுக்குப் போய், முதுகைச் சொரிந்தால் தொடைக்கு வந்தது. ஸ்க்ரூ டிரைவரால் சொரிந்தேன், கதவு நிலையில் தேய்த்தேன், கடைசியில் தென்னந்தோப்புக்காரரே மனமிரங்கித் துண்டை முறுக்கி முதுகில் இழுத்துவிட்டார். சாயங்காலம் வீட்டுக்குப் போகையில் மேலுதடு வீங்கி மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது.

வழக்கமான நேரத்தில் ஆதிரை போனில் வந்தாள். என்னைப் பார்த்தாள். முகம் மாறியது.

"யாரு?"

"நாந்தான்டா செல்லம், மாமா." (வீங்கின உதட்டில் மாமா என்பது 'வாவா' என்று வந்தது.)

"இது மாமா இல்ல. மாமா வாய் சின்னது." சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள். ஆறு மாத உழைப்பு அரை நிமிடத்தில் போயிற்று.

மறுநாள் டாக்டரிடம் போனேன். தடிப்புகளை அழுத்திப் பார்த்தார், என்ன சாப்பிட்டேன், என்ன தொட்டேன், என்ன மாத்திரை எடுத்தேன் என்று கேட்டார். எல்லாமே வழக்கமானதுதான். ஊசி போட்டுவிட்டு, வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்து, "ஒரு நாளைக்கு ஒண்ணு. தூக்கம் வரும், வண்டி ஓட்டாதீங்க. நாக்கு வீங்குனாலோ, மூச்சு இறுக்குனாலோ விசேஷம் அது இதுன்னு பாக்காம உடனே ஓடி வரணும்" என்றார்.

"சரி சார், என்ன காரணம்?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"பெரியவங்களுக்குத் திடீர்னு இப்படி வரும். நெறைய பேருக்குக் காரணமே தெரியாது. வந்த மாதிரியே போயிடும்."

எனக்குள் இருந்த மெக்கானிக் பொங்கினான். "காரணம் தெரியாம எப்படி சார் ரிப்பேர் பண்ணுவீங்க?"

டாக்டர் நிதானமாக மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "கரண்ட் ஏன் போச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் நீங்க இன்வெர்ட்டர் போடுறீங்களா?" என்றார். மாத்திரைச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

டாக்டருக்குத் தெரியாத காரணம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அம்மா இறாலைச் சந்தேகப்பட்டாள். முத்துப்பேட்டையிலிருந்து போன ஞாயிற்றுக்கிழமை வாங்கிவந்த இறால். "அது ஞாயித்துக்கெழம, இது புதங்கெழம" என்றேன். "உள்ளயே இருந்து நேரம் பாத்திருக்கும்" என்றாள். பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா உளுந்து அடித்த தூசி என்றார். சித்தப்பா என் புதுச் சட்டைத் துணி என்றார். எதிர்வீட்டுப் பெரியம்மா மட்டும் பார்த்த மாத்திரத்தில், "இது காணாக்கடி" என்று முடித்துவிட்டார். அதாவது, ஏதோ ஒரு பூச்சி கடித்திருக்கிறது; எந்தப் பூச்சி என்று பார்க்கவில்லை; அதனால் காணாக்கடி. யோசித்துப் பார்த்தால் டாக்டரும் இதைத்தான் சொன்னார்; இவர் ஃபீஸ் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

விளைவாக, வெள்ளிக்கிழமை காலையில் என் நிலைமை இது: இறால் கிடையாது, மீன் கிடையாது, கத்திரிக்காய் கிடையாது, உளுந்து கிடையாது என்பதால் இட்லியும் தோசையும் கிடையாது. பெரியம்மா சொன்ன பத்தியத்தால் உப்பும் கிடையாது. வெற்றிலையில் மிளகை வைத்து மென்று முழுங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தடிப்புக்குக் கம்பளி நல்லது என்று, வைகாசி வெயிலில் என்னை ஒரு கம்பளிக்குள் சுருட்டிக் கட்டிலில் உட்கார வைத்திருந்தார்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள். (கம்பளிக்குள் காற்று எப்படிப் போகும் என்று கேட்டதற்கு, "பேசாத, உதடு இன்னும் வீங்கும்" என்றாள்.) நடுநடுவே, "இனிமே இவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பார்க்க வந்தவர்களில் சித்தப்பா மகன் ரவியும் இருந்தான். அவனும் அக்காவுக்குத் தம்பி முறை. முறைக்கு அவனும் மாமன்தான். ஜிம்முக்குப் போகிறவன். தடிப்பு என்றால் என்னவென்றே தெரியாத தோல்.

"கவலப்படாதண்ணே. ஒன்னால முடியலன்னா நான் உக்காந்துக்கறேன். பட்டுச் சட்டைகூட எடுத்துட்டேன்" என்றான்.

"எப்படா எடுத்த?"

"நேத்து சாயங்காலம். எதுக்கும் இருக்கட்டும்னு."

நல்ல பையன்தான். ஆனால் அந்த நிமிடம் கம்பளிக்குள்ளிருந்து கை வெளியே வந்திருந்தால் வரலாறு மாறியிருக்கும்.

சனிக்கிழமை மதியம் அக்கா வீட்டார் திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து வந்து இறங்கினார்கள். உதடு கொஞ்சம் வடிந்திருந்தது. பதிலுக்கு இடது கண் மூடிக்கொண்டிருந்தது. கம்பளியை உதறிவிட்டு வாசலுக்கு ஓடி, இரண்டு கையையும் நீட்டி, "ஆதிரைக்குட்டி!" என்றேன். ஆதிரை போட்ட அலறலில் அடுத்த தெரு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டது. அக்காவின் புடவைக்குள் தலையை நுழைத்தவள் சாயங்காலம்வரை வெளியே எடுக்கவில்லை.

எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. கொல்லைப்பக்கம் போய் மோட்டார் கொட்டகைக்குள் உட்கார்ந்துகொண்டேன். பின்னாலேயே அத்தான் வந்தார். வந்துவிட்டாரே, பதினேழு தும்மலுக்கும் வட்டி வாங்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"சொரியாதீங்க மாப்ள. சொரிஞ்சா இன்னும் ஏறும். ஈரத்துணி வச்சுத் தட்டுங்க" என்றார். "ராத்திரி தூக்கம் வராதே?"

"வரல அத்தான்."

"வராது. நமக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயமா வேற இருக்கும். யார்ட்டயும் சொல்ல முடியாது, சிரிப்பாங்க."

அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. அப்படிச் செய்திருந்தால் தேவலை. "அத்தான், அந்தக் களத்துல..." என்று தொடங்கினேன். "பதினேழு இல்ல மாப்ள, பத்தொம்போது. ரெண்டு நீங்க எண்ணாம விட்டுட்டீங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். மூன்று நாளில் எனக்கு முதல்முறையாக அரிப்பு மறந்துபோனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குலதெய்வக் கோயிலில் பந்தல் போட்டு, மேளம் வந்து, தட்டுத் தட்டாக மாமன் சீர் இறங்கியது. முகம் ஓரளவு மனித முகமாகியிருந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே டாக்டர் கொடுத்த வெள்ளை மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கோயிலுக்குள் நுழைந்ததும் பட்டு வேட்டி சுருக்கில் இடுப்பு லேசாக அரித்தது. அத்தான் பார்த்துவிட்டார். "இந்தாங்க மாப்ள, நான் போடுறது. நல்லாக் கேக்கும்" என்று ஒரு மஞ்சள் மாத்திரையைக் கையில் வைத்தார். நேற்று மனசு விட்டுப் பேசின மனுஷர். எப்படி வேண்டாம் என்பது? போட்டுக்கொண்டேன்.

அடுத்து அத்தானின் அம்மா வந்தார். எங்கள் சம்பந்தி அம்மா. கைப்பையிலிருந்து இளஞ்சிவப்பு மாத்திரை ஒன்றை எடுத்தார்.

"தம்பி, இதப் போடுங்க. எனக்குத் தடிப்பு வந்தப்ப இதுலதான் நின்னுச்சு."

"இல்லங்கத்த, இப்பதான்..."

சம்பந்தி அம்மாவின் முகம் வாடியது. பின்னாலிருந்து அம்மா என் முதுகில் விரலால் குத்தினாள். எங்கள் ஊரில் சம்பந்தி வீட்டார் நீட்டுகிற பலகாரத்தை வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பேச்சு அடுத்த தலைமுறைவரை ஓடும். மாத்திரைக்கும் அந்த மரியாதை உண்டா என்று யாரும் அதுவரை யோசித்ததில்லை. நானும் யோசிக்கவில்லை. பவ்யமாக இரண்டு கையாலும் வாங்கி, பானகத்தோடு முழுங்கினேன். வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு. நிறம் வேறுவேறாக இருந்ததால் வேலையும் வேறுவேறு என்று நினைத்துவிட்டேன். (தயவுசெய்து நீங்கள் இதைச் செய்யாதீர்கள்.)

கழுத்தில் மாலை போட்டு, மனையில் சம்மணம் போட்டு உட்கார வைத்தார்கள். காது குத்த வந்த பத்தர் எதிரே ஊசியும் தங்கக் கம்பியுமாகத் தயாரானார். "புள்ளயக் கொண்டாங்க!"

அக்கா ஆதிரையைத் தூக்கி வந்தாள். என்னைப் பார்த்ததும், "பூச்சாண்டி!" என்று கத்திக்கொண்டு அக்கா தோளில் ஏறினாள். கூட்டம் சிரித்தது. இரண்டாவது தடவை இறக்கினார்கள். கால் தரையில் படாமலே திரும்பி ஏறினாள். சித்தப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நல்ல நேரம் போவுதுப்பா. ரவி, நீ வா. சட்டைய மாத்திக்கிட்டு உக்காரு."

உரக்கக் கத்த வேண்டும் என்று நினைத்தேன். இது என் மடி, எழுந்திரிக்க மாட்டேன், ஆறு மாதமாகக் குறட்டை விட்டிருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். எல்லாம் மனதுக்குள் தெளிவாக இருந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. மேளச் சத்தம் தூரத்தில் போய்க்கொண்டே இருந்தது. பத்தர் ஒருவராக இருந்தவர் இரண்டு பேரானார். கடைசியாக நான் பார்த்தது ரவியின் பட்டுச் சட்டைப் பொத்தான்.

இதற்கு மேல் நடந்தது எனக்கு வீடியோ பார்த்துத்தான் தெரியும். எங்கள் குடும்பத்தில் கல்யாண வீடியோவைக்கூட ஒரு தடவைக்கு மேல் யாரும் பார்த்ததில்லை. இதை மட்டும் பொங்கலுக்குப் பொங்கல் போடுகிறார்கள்.

வீடியோவில் என் தலை மெல்லச் சாய்ந்து, தாடை மாலையில் புதைகிறது. வாய் திறக்கிறது. பிறகு, மேளத்தையும் மீறி, கொர்ர்ர் என்று ஒரு சத்தம். கூட்டம் உறைந்து நிற்கிறது. அம்மா "ஐயோ, எம்புள்ளைக்கு என்னாச்சு!" என்று ஓடி வருகிறாள். அத்தான் குனிந்து, என் மூச்சையும் நாடியையும் பார்த்து, "ஒண்ணுமில்ல அத்த, தூங்குறாரு" என்கிறார். கூடவே சந்தேகமாகத் தன் அம்மாவைத் திரும்பிப் பார்க்கிறார்.

அப்போது அக்காவின் தோளிலிருந்து ஒரு சின்னத் தலை திரும்புகிறது. இன்னொரு குறட்டை. ஆதிரையின் கண் அகலமாகிறது.

"மாமா!" என்கிறாள். "அம்மா, நம்ம மாமா!"

முகம் மாறியிருக்கலாம், வாய் பெரிதாகியிருக்கலாம். அந்தக் குறட்டை உலகத்தில் ஒரே ஆளுடையது. வழுக்கிக்கொண்டு இறங்கி, ஓடி வந்து, யாரும் சொல்லாமல் தானாக என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "மாமா, எந்திரி! எந்திரி!" என்று மாலையைப் பிடித்து உலுக்குகிறாள். நான் எழுந்திருக்கவில்லை. இந்தத் தடவை விளையாட்டு நிஜமாகிவிட்டது அவளுக்கு எப்படித் தெரியும்? மூக்கைப் பிடிக்கிறாள், இமையைத் தூக்கிப் பார்க்கிறாள், விழுந்து விழுந்து சிரிக்கிறாள். பத்தர் தொழில் தெரிந்தவர். சத்தமில்லாமல் பக்கவாட்டில் வந்தார். ஒரு நொடி. வலது காது முடிந்தது.

ஆதிரை அழவில்லை. "கிள்ளாத மாமா!" என்று என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

அதில் விழித்தேன். விழித்து நான் சொன்ன முதல் வார்த்தை, "மோட்டார் ஓடுதா?" என்பது. பந்தலே குலுங்கியது. நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து சீவாளியை எடுத்துவிட்டுச் சிரித்தார். என் மடியில் ஒரு கனம் இருப்பதை அப்போதுதான் உணர்ந்தேன். குனிந்து பார்த்தால், ஆதிரை. ஒரு காதில் தங்கக் கம்பி, முகமெல்லாம் பல். அந்தக் கனத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

"மாமா, மறுபடி தூங்கு" என்று உத்தரவு போட்டாள். தூங்கினேன். இந்தத் தடவை நடிப்பு. இடது காதுக்கும் அறை விழுந்தது. அதை நான் முழு நினைவோடு, மனதார வாங்கிக்கொண்டேன். ரவி பட்டுச் சட்டையோடு நின்று முதல் ஆளாகக் கை தட்டினான். (சொன்னேனே, நல்ல பையன்.)

விருந்தில் நான் சாப்பிடவில்லை. இலைக்கு முன்னாலும் தூங்கிவிட்டதாகச் சொல்கிறார்கள். அன்றைக்கே அத்தான் என்னையும் மூன்று மாத்திரை அட்டைகளையும் டாக்டரிடம் கொண்டுபோய் நிறுத்தினார். டாக்டர் அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூணும் ஒரே வேல செய்யுற மாத்திரய்யா. ஒரு மோட்டாருக்கு மூணு ஸ்டார்ட்டர் போடுவியா நீ?" என்று திட்டினார். சாயங்காலம்வரை அங்கேயே படுக்க வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார். தடிப்பு அதற்குப் பிறகும் ஐந்தாறு மாதம் வருவதும் போவதுமாக இருந்தது. பிறகு ஒரு நாள், வந்த மாதிரியே, சொல்லாமல் போய்விட்டது. காரணம் தெரியவில்லை. அம்மா இன்னும் இறால்தான் என்கிறாள். எனக்குப் பெண் கொடுக்கவும் ஆள் கிடைத்தது. பெண் வீட்டார் வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தார்கள்.

இன்று எங்கள் சொந்தத்தில் எந்தக் காதுகுத்து என்றாலும், குழந்தையைக் கொண்டுவரச் சொல்வதற்கு முன் யாராவது ஒருவர், "மாமனுக்கு மாத்திர குடுத்தாச்சா?" என்று குரல் கொடுப்பார்கள். போன மாசிக்கு ரவி தன் அக்கா மகனை மடியில் வைத்து உட்கார்ந்தபோது, அவனே கண்ணை மூடிக் குறட்டை விட்டுக் காட்டினான். அது இப்போது சடங்காகவே ஆகிவிட்டது.

சென்ற கோடை விடுமுறையில் தடிப்பு ஒரு நாள் எட்டிப் பார்த்தது. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். ஆதிரைக்கு இப்போது ஒன்பது வயது. ஊருக்கு வந்திருந்தவள் நானும் வருவேன் என்று பிடிவாதமாகக் கூடவே வந்தாள். எனக்கு ஊசி என்றால் பயம். (ஆமாம், அதையும் சேர்த்து ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.) லேபில் அந்தப் பெண் சிரிஞ்சை எடுத்ததும் என் கை தானாகப் பின்னால் போனது. ஆதிரை அதைப் பார்த்துவிட்டாள். பக்கத்து நாற்காலியில் சாய்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அத்தனை பேருக்கும் நடுவே, கொர்ர்ர் என்று ஒரு குறட்டை விட்டாள். வரிசையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை. நான் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து துடைப்பதற்குள், "முடிஞ்சிருச்சு சார், பஞ்ச அழுத்திப் பிடிச்சுக்குங்க" என்றாள் லேப் பெண்.

ஆதிரை ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள். பஞ்சைப் பிடித்திருந்த கையை எடுத்து, அவள் கன்னத்தில் மெல்லத் தட்டினேன்.

"கிள்ளாத" என்றேன்.